உடைந்த கொம்பு எந்தப் பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு உலகம் கொஞ்சம் இடம் வலம் மாறித்தான் தெரியும். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் வலது கண் நம் இடது கைப் பக்கம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சில்லு இதில் தடுமாறி, ஒரு பெரியவருக்கு வலது லென்ஸை இடது பக்கம் பொருத்திக் கொடுத்துவிட்டாள். அவர் படியில் இறங்கும்போது காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று வாங்கிய திட்டுக்குப் பிறகு தடுமாறியதே இல்லை. யாருடைய முகத்தைப் பார்த்தாலும் அவள் மனசு தானாகவே பக்கம் மாற்றிக்கொள்ளும். பேருந்தில் எதிரே நிற்பவரின் கன்னத்து மச்சம்கூட 'வலது' என்று சரியாகத்தான் பதியும்.

சில்லு என்பது அண்ணன் வைத்த பெயர். "சின்னதா இருப்பா, கையை வச்சா கிழிச்சிடுவா" என்று விளக்கம் வேறு சொல்வான். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். அம்மா ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா லாரியில் சரக்கு ஏற்றி இறக்கி இடுப்பைத் தொலைத்துவிட்டு வீட்டோடு இருந்தார். அண்ணன் பள்ளியோடு நிறுத்திக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக் ஆனான். "நம்மள்ல ஒரு ஆளாவது மேல போகணும்ல, நான் ஆளுங்கள மேல அனுப்புற வேலையைப் பாத்துக்கறேன்" என்று சிரித்தான். அவள் இயற்பியல் படித்தாள். ஒளி எப்படி வளையும், எங்கே குவியும் என்பதையெல்லாம் படித்துவிட்டு லென்ஸ் துடைக்க வந்தாள். இதற்குத்தான் படித்தோமா என்று அவ்வப்போது தன்னையே கேட்டுக்கொள்வாள். ஆனால் வேலை பிடித்துத்தான் இருந்தது.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு காலி செய்தவர்கள், லிஃப்டுக்குப் பக்கத்தில் குப்பையோடு குப்பையாக ஒரு வீடியோ கேம் பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, பிரித்து, ஊதி, துடைத்து, உயிர் கொடுத்தான். உள்ளே ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. இருட்டுக் கோட்டைக்குள் இரண்டு பேர் போவார்கள். ஒருவன் கையில் விளக்கு. இன்னொருவன் கொம்பன்: தலையில் இரண்டு கொம்பு, அதில் ஒன்று பாதியில் உடைந்தது. அவன் முட்டினால் சுவர் இடியும். ஆனால் விளக்கு இல்லாமல் அவனுக்கு எதுவும் தெரியாது. அண்ணன்தான் விளக்குக்காரன். சில்லுதான் கொம்பன். அவள் கல்லூரியில் படித்த காலம் முழுக்க, ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் எல்லாம் அந்தக் கோட்டைக்குள்தான் போயின.

டிவித் திரை நடுவில் இரண்டாகப் பிரியும். இடது பாதியில் விளக்குக்காரன் கண்ணுக்குத் தெரிவது. வலது பாதியில் கொம்பன் கண்ணுக்குத் தெரிவது. அடுத்தவர் பாதியை எட்டிப் பார்ப்பது கள்ளாட்டம் என்று இருவருக்கும் தினம் சண்டை வந்தது. கடைசியில் அண்ணன் லிஃப்ட் உதிரிபாகம் வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, ஒரு நீளமான அட்டையைத் திரையின் நட்டநடுவில் செங்குத்தாக நிறுத்தி டேப் போட்டு ஒட்டிவிட்டான். சோபாவில் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், நடுவில் டிவியிலிருந்து நீண்டுகொண்டிருக்கும் அட்டை மதில். வீட்டுக்கு வருகிறவர்கள் டிவிக்கு என்ன அடிபட்டதோ என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். செய்தி பார்க்கும் அப்பா மட்டும் அட்டையின் இரண்டு பக்கமும் தலையை மாற்றி மாற்றிச் சாய்த்து, "பாதி நாட்டுச் செய்திதான் எனக்கு வருது" என்பார்.

அண்ணி வந்த வாரத்திலேயே அந்த அட்டை போய்விட்டது.

கெட்ட எண்ணத்தில் இல்லை. தூசி தட்டும்போது, "இது என்ன, பேக்கிங்கோட அட்டையா? எடுக்க மறந்துட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உரித்துவிட்டாள். அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "அது... ஆமா, பழசுதான், போட்டுடு" என்றான். சில்லு அடுக்களையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மீதித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள்.

அண்ணி ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. எதையும் வெட்டி ஒட்டத் தெரியும். எதற்கும் பாட்டு வைத்திருப்பாள். கை கழுவுவதற்கு ஒரு பாட்டு, செருப்பை ஒழுங்காக வைப்பதற்கு ஒரு பாட்டு. முதலில் அண்ணன் விளையாடுவதைச் சும்மா பார்த்தாள். பிறகு, "நான் ஒரு தடவை பிடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் சில்லு தலைக்குக் குளித்துவிட்டு வரும்போது சோபாவில் அவள் மூலையில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். கையில் கொம்பனின் ரிமோட். சில்லுவின் கட்டை விரல் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கிய இடத்தில் புதிதாக ஒரு ரப்பர் மூடி.

"சில்லு, இங்க பாரேன், உங்க அண்ணி சுவத்த எப்படி இடிக்கிறான்னு!" என்று அண்ணன் கூவினான்.

"பாத்தேன்" என்றாள். "கட்டடம் இடிக்கிற வேலைக்கே போகலாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவள் சொன்னது சிரிப்பதற்காக இல்லை.

அன்றிலிருந்து அவள் அந்த விளையாட்டைத் தொடவில்லை. அதற்குப் பெயர் பொறாமை என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் குளியலறையில் வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள். இவ்வளவு படித்தவள், அண்ணி மேல், அதுவும் ஒரு விளையாட்டுக்காக... வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கம் ஒரு பக்கம் இருந்தது, எரிச்சல் ஒரு பக்கம் இருந்தது. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. கடைத்தெருவில் வீடியோ கேம் விற்கும் கடைக்கு ஆண்டு விழா. பிடித்த விளையாட்டின் பாத்திரமாக வேடம் போட்டு ஜோடியாக வர வேண்டும். ஒரே நிபந்தனை: விலைக்கு வாங்கிய எதுவும் கூடாது, எல்லாம் வீட்டில் கிடக்கும் கழிவுப் பொருளில் செய்ததாக இருக்க வேண்டும்.

அண்ணன் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினான். சில்லுவின் மனசு அதற்குள் கொம்பு செய்ய ஆரம்பித்துவிட்டது.

"நாங்க பேர் குடுத்துட்டோம்" என்றான். "நான் விளக்கு, இவ கொம்பன்."

"ஓ" என்றாள் சில்லு.

"உனக்கு சனிக்கிழமை கடையில கூட்டமா இருக்கும்னு நெனச்சேன்."

"கூட்டம்தான்."

"லீவு கெடைக்குமா?"

"கெடைக்காது" என்றாள், மறுநாள் முதல் வேலையாக முதலாளியிடம் லீவு கேட்கப்போகும் சில்லு.

அதன் பிறகு வீட்டில் குப்பைக்குப் பஞ்சம் வந்தது. அண்ணி வெளிப்படையாகச் சேர்த்தாள்: செய்தித்தாள், முட்டை அட்டை, துணி மாட்டும் கம்பி. பலூனை ஊதி, அதன் மேல் பசை தடவிய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்துத் தலைக்கவசம் செய்தாள். மொட்டை மாடியில் அது காய்ந்துகொண்டிருக்கும்போது, சில்லு துணி எடுக்கப் போகிற சாக்கில் பார்த்துவிட்டு வருவாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் பிரச்சினை.

சில்லு திருட்டுத்தனமாகச் சேர்த்தாள். பரணில் ஒரு பழைய ஹெல்மெட் கிடந்தது. அண்ணன் அவளைக் கல்லூரியில் கொண்டுபோய் விடும்போது பின்னால் உட்கார்ந்து அவள் போட்டுக்கொண்டது. ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. அண்ணிக்குப் புதிது வாங்கிய நாளில் அது மேலே போயிற்று. அதைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனாள். சாப்பாட்டு இடைவேளையில், லென்ஸ் தேய்க்கும் பின்னறையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். தன் பழைய லெக்கிங்ஸின் இரண்டு காலையும் வெட்டி, உள்ளே கம்பியும் கந்தலும் திணித்து, வளைத்து, மேலே பசை பூசி விறைப்பாக்கினாள். சணலை இறுக்கிச் சுற்றியதும் அச்சு அசல் கொம்பின் வரிகள் வந்துவிட்டன. புது ஃபிரேம்களில் பவர் இல்லாமல் வரும் பிளாஸ்டிக் கண்ணாடிகளைக் கடையில் கழற்றி எறிவார்கள். அவற்றுக்கு அரிசி மூட்டை மஞ்சள் தாளை ஒட்டிக் கண்ணாக வைத்தாள். ஷாம்பு பாட்டிலை வெட்டி மூக்குப் பட்டை செய்தாள். கழுத்துப் பக்கம் தைக்க வீட்டுக் குக்கரின் பழைய ரப்பர் வளையம்.

"இந்த வீட்டுல குப்பையில போடக்கூடக் குப்பை இல்ல" என்று அம்மா இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஷாம்பு தீரக்கூட இல்ல, பாட்டிலக் காணோம். கிண்ணத்துல ஊத்தி வச்சிருக்கு! யார் பண்ண வேலை?"

"நான் இல்ல அத்தை" என்றாள் அண்ணி.

"நான் தலைக்கு ஷாம்பே போடுறதில்ல" என்றார் வழுக்கைத் தலை அப்பா.

சில்லு தட்டைக் கழுவுவதில் மும்முரமாக இருந்தாள்.

ஒரே ஒரு இடத்தில்தான் அவளுக்கு நின்று யோசிக்க வேண்டி வந்தது. எந்தக் கொம்பு உடைந்தது? வருடக்கணக்கில் கொம்பனாக இருந்தவளுக்கு அது தெரியவில்லை. அவள் பார்த்ததெல்லாம் கொம்பனின் கண் வழியாகத்தான். கொம்பன் எப்படி இருப்பான் என்று பார்த்தவன் அட்டைக்கு அந்தப் பக்கம் இருந்த அண்ணன். இதை நினைத்தபோது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அவனிடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் கேட்கத் தேவையே இல்லாமல், அன்று மதியம் குடும்பக் குழுவில் அண்ணி ஒரு வீடியோ அனுப்பினாள். முடித்த தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, போனைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து, "கொம்பன் வந்துட்டான்!" என்று தலையை ஆட்டினாள். அண்ணன் வரிசையாக இதயங்கள் அனுப்பியிருந்தான்.

சில்லு கட்டை விரல் ஒன்றை அனுப்பிவிட்டு, சத்தத்தை அணைத்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். அண்ணியின் கொம்பு தன்னுடையதைவிடத் தடிமனா, பூச்சு திட்டுத் திட்டாக இருக்கிறதா, எங்காவது ஒட்டு விட்டிருக்கிறதா என்று. கூடவே அதையும் பார்த்துக்கொண்டாள். உடைந்த கொம்பு திரையில் இடது ஓரம் தெரிந்தது. எதிரே இருக்கும் முகத்தில் இடது ஓரம் என்றால், அவருக்கு வலது. கடையில் நாள் முழுக்கச் செய்யும் கணக்கு. இணையத்தில் தேடிச் சரிபார்த்திருக்கலாம். சந்தேகம் வந்தவர்கள்தானே சரிபார்ப்பார்கள். கத்தியும் குறடும் எடுத்து வலது கொம்பைப் பாதியில் அறுத்தாள். அறுத்த முகத்தில் பஞ்சு மெத்தைத் துண்டை ஒட்டி, பழுப்பு மையைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். நிஜமாகவே ஏதோ சண்டையில் போன கொம்பு போல இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "இதுக்கு யாரும்மா கண்ணு டெஸ்ட் பண்ணது?" என்றார்.

சனிக்கிழமை மதியம் விளையாட்டுக் கடையில் நிற்க இடம் இல்லை. அட்டையில் செய்த வாள்கள், விளக்குமாற்றுக் குச்சியில் செய்த இறக்கைகள், தலையில் வடிகட்டியைக் கவிழ்த்துக்கொண்ட வீரர்கள். அண்ணன் பிஸ்கட் டப்பாவில் துளை போட்ட விளக்கைப் பிடித்து நடுவில் நின்றான். பக்கத்தில் அண்ணி, காகிதக் கொம்போடு. சில்லு வாசலில் தலைக்கவசத்தை மாட்டினாள். உள்ளே அவள் மூச்சே அவள் காதில் பெரிதாகக் கேட்டது. பழைய ஹெல்மெட்டின் வாடை, கல்லூரிக் காலத்து வேர்வை வாடை. கூட்டத்தை இடித்துக்கொண்டு நேராகப் போய் அண்ணனின் மறுபக்கம் நின்றாள்.

அண்ணன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். "யாருங்க நீங்க?"

"கொம்பன்" என்றாள்.

குரலிலேயே தெரிந்துவிட்டது. "டேய்! சில்லு! லீவு கெடைக்காதுன்ன?"

அதற்குள் கடைக்காரர் மைக்கோடு வந்துவிட்டார். "ஒரு விளக்குக்கு ரெண்டு கொம்பன்! இதுல ஒண்ணுதான் ஒரிஜினல். கூட்டத்துல யாராவது இந்த ஆட்டம் ஆடினவங்க இருக்கீங்களா?"

"உடஞ்ச கொம்பு லெஃப்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அந்த மஞ்சக் கண்ணு டூப்புங்க!" என்று இன்னொன்று. சிரிப்பு எழுந்தது.

"கெடையாது" என்று சில்லு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்தினாள். "வலதுதான். எனக்குத் தெரியாதா? எத்தன வருஷமா நான்தான் கொம்பன்! இவங்க வர்றதுக்கு முன்னாடியிருந்து நான்தான் கொம்பன்!"

கடைசி வாக்கியம் வேண்டாம் என்று வாயை மூடுவதற்குள் வெளியே போய்விட்டது. மைக் பக்கத்தில் இருந்தது வேறு.

அண்ணன் விளக்கைத் தாழ்த்தினான். அவள் தலைக்கு முன்னால் வந்து குனிந்து பார்த்தான். "நீதான் கொம்பன், இல்லன்னு சொல்லல. ஆனா நீ எப்ப உன்னப் பாத்த? நான்தான பாத்தேன். இடதுடா. இத எத வச்சு செஞ்ச?"

அவள் ஹெல்மெட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். அண்ணி அந்த உடைந்த கொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளுக்கு எதிரே நின்று பாட்டுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுப்பவள் அவள். பிள்ளைகள் வலது கையைத் தூக்க வேண்டுமானால் தான் இடது கையைத் தூக்குகிறவள். அவள் கை காற்றில் லேசாக இடமும் வலமும் அசைந்தது. பிறகு நின்றது. தன் வீடியோவைப் பார்த்துச் செய்தது அண்ணிக்குப் புரிந்துவிட்டது என்று சில்லுவுக்கும் புரிந்தது. தோலுரித்துவிடப் போகிறாள் என்று ஹெல்மெட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அது அவ தப்பு இல்லீங்க" என்றாள் அண்ணி, மைக்கைத் தன் பக்கம் இழுத்து. "நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் செஞ்சோம். நான்தான் அவளுக்குப் பக்கம் மாத்திச் சொல்லிட்டேன்."

கூட்டம் கை தட்டியது. கடைக்காரர், "ஆனா ஜோடின்னா ரெண்டு பேர்தாம்மா, யாராவது ஒரு கொம்பன் எறங்கணும்" என்றார்.

அண்ணி தன் தலைக்கவசத்தைக் கழற்றினாள். நெற்றியில் காகிதப் பசை ஒட்டியிருந்தது. "இவதான் சீனியர். நீ நில்லு சில்லு. நான் போட்டோ எடுக்கறேன்."

சில்லு வேண்டிக் கிடந்தது அதுதான். அண்ணன் பக்கத்தில் கொம்பனாக நிற்பது. அது கையில் வந்து விழுந்தபோது எரிச்சல்தான் வந்தது. அண்ணி சண்டை போட்டிருக்கலாம். முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எவ்வளவு நிம்மதி. இவள் நல்லவளாகவும் இருப்பாளாம். அதிலும் முந்திக்கொள்வாளாம்.

பரிசு கிடைக்கவில்லை. தப்பான கொம்புக்கு யார் கொடுப்பார்கள்? விளக்குமாற்று இறக்கைக்குப் போயிற்று. வெளியே வந்து, அண்ணனும் அண்ணியும் வண்டியை எடுக்கப் போன நேரத்தில், சில்லு படிக்கட்டில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். அண்ணி எடுத்த படம் குழுவுக்கு வந்திருந்தது. விளக்கும் கொம்பும் பக்கத்துப் பக்கத்தில். அண்ணன் வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் கண் அவளைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை. படம் எடுத்தவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

விரலால் மேலே தள்ளினாள். பழைய வீடியோ வந்தது. இந்த முறை கொம்பைப் பார்க்காமல் மற்றதைப் பார்த்தாள். அண்ணிக்குப் பின்னால் சுவரில் காலண்டர் தொங்கியது. அதில் எழுத்தெல்லாம் திரும்பி இருந்தது. கண்ணாடியில் தெரிவது போலவே பதிந்து வைக்கிற போன். விவரம் தெரியாத யார் பார்த்திருந்தாலும் இடது ஓரத்தை இடது என்றே எடுத்துக்கொண்டு சரியாகச் செய்திருப்பார்கள். அவள் மட்டும்தான், தொழில் தெரிந்ததால், கெட்டிக்காரத்தனமாகத் திருப்பினாள். இத்தனை தடவை ஓட்டிப் பார்த்தும் அந்தக் காலண்டர் கண்ணில் படவே இல்லை. அண்ணியிடம் குறை தேடுகிற கண்ணுக்கு வேறு எது படும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளாகவே போய் சோபாவில் உட்கார்ந்தாள். தன் பழைய மூலையில் அண்ணி இருந்தாள், கையில் கொம்பனோடு. அண்ணன் விளக்குக்காரனின் ரிமோட்டைத் தங்கையிடம் நீட்டினான்.

"இன்னைக்கு நீ பிடி. நான் தீனிக்குப் பொறுப்பு."

"எனக்கு விளக்கு வராது."

"வராட்டிக் கத்துக்க. படிச்ச புள்ளதான?"

அவள் வாங்கிக்கொண்டாள். திரை இரண்டாகப் பிரிந்தது. நடுவில் அட்டை இல்லை. இருட்டில் விளக்கைத் தூக்கியதும், வெளிச்சத்தின் நடுவில், அவளுக்கு முன்னால் கொம்பன் நின்றான். இவ்வளவு பெரிய தோளா அவனுக்கு. கழுத்துப் பக்கம் ஒரு தழும்பு இருந்தது. இடது கொம்பு பாதியில் இல்லை. இத்தனை வருடமும் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். அவளுக்கு மூக்கு நுனி குறுகுறுத்தது.

"அடேயப்பா, இவ்ளோ அசிங்கமா நான்?" என்றாள்.

"அசிங்கம்தான்" என்றான் அண்ணன் அடுக்களையிலிருந்து. "பழகிடுச்சு."

"இப்ப எந்தப் பக்கம் போகணும் சில்லு?" என்று அண்ணி கேட்டாள்.

முன்னால் ஒரு பாதாளம் இருப்பது சில்லுவுக்குத் தெரியும். விளக்கை உயர்த்தினால் விளிம்பு தெரியும். கொம்பனாக அவள் எத்தனையோ முறை விழுந்து எழுந்த இடம்.

"நேரா போங்க அண்ணி" என்றாள். விளக்கை உயர்த்தினாள். கொஞ்சம் தாமதமாகத்தான் உயர்த்தினாள்.

கொம்பன் அலறிக்கொண்டு விழுந்தான்.

"வேணும்னே பண்ண!" என்றாள் அண்ணி, வாயைப் பிளந்து.

"இல்லவே இல்ல. எனக்குதான் விளக்கு வராதுன்னு சொன்னேனே."

அண்ணி அவளையே ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சோபாவில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, ரிமோட்டில் போட்டிருந்த ரப்பர் மூடியைப் பிய்த்து எறிந்தாள்.

"சரி, மறுபடி ஆரம்பி. அடுத்த தடவை நான் விழுந்தா, ஷாம்பு பாட்டில் விஷயத்த அத்தைகிட்ட சொல்லிடுவேன்."

சில்லு விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். இந்த முறை கொஞ்சம் முன்னதாகவே.